காணி வழக்கு இழுபடுது, நீதிபதியும் ஒரு பக்கம் சாயிறார்: என்ன செய்யலாம்?

படுவான்கரைப் பிள்ளை:
அம்மாவுக்கு 78 வயது. மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைக்கு அங்கால அவவுக்குச் சீதனமாக் கிடைச்ச ரெண்டு ஏக்கர் வயல். 1990இல இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வரக்குள்ள பக்கத்து வயற்காரர் வரம்பைத் தள்ளிப் போட்டிருந்தார். 2014இல வழக்குப் போட்டம். அம்மா இன்னும் சாட்சிக்கூண்டில ஏறல்ல.

ஒருக்கா எதிராளியின்ட லோயருக்குச் சுகமில்ல. ஒருக்கா கோட்டுக் கட்டளையில வயலை அளக்கப் போன நில அளவையாளரின்ட படம் வரல்ல. மறுகா நீதிபதி மாற்றலாகிப் போறார், புதுசா வாறவர் வழக்கேடு பார்க்கத் தவணை போடுறார். விடியச்சாமம் எழும்பி மண்முனைப் பாலத்தால பஸ்ஸில வந்து, காணி உறுதிப் பையை மடியில வெச்சுக்கொண்டு அம்மா கோட்டு விறாந்தையில இருப்பா. பேரைக் கூப்பிட்டு ரெண்டு நிமிசத்தில அடுத்த தவணை.

அதைப் பொறுத்தம். போன தவணை எங்கட லோயர் எழும்பி, "வழக்காளிக்கு வயது போயிற்று, இண்டைக்காவது விசாரணைக்கு எடுங்க" எண்டு கேட்டார். நீதிபதி திறந்த மன்றில சொன்னது: "இந்த வயசில இவவுக்கு வயல் என்னத்துக்கு? சமாதானமா விட்டுக் குடுக்கச் சொல்லுங்க." எதிராளி கேட்ட தவணையை உடனே குடுத்தார். ஒரு சாட்சியும் கேட்காம முடிவெடுத்த ஆளிட்ட என்ன நியாயம் கிடைக்கும்? நீதிபதியை மாத்தக் கேட்கலாமா? கேட்டா இன்னும் கோவம் வருமா?

களுதாவளையான்:
உயர் நீதிமன்றத்தில அடிப்படை உரிமை வழக்குப் போடுங்க. ஒரு மாதத்துக்குள்ள போடணும்.

ஓய்வுபெற்ற முதலியார்:
தம்பி களுதாவளையான், அது நிர்வாகத்தின்ட செயலுக்கு எதிரா. நீதிபதி மன்றில இருந்து போட்ட கட்டளைக்கு அந்த வழி இல்ல.

பிள்ள, நான் கோட்டில முதலியாரா, அதாவது மொழிபெயர்ப்பாளரா, வேலை செய்து ஓய்வு பெற்றனான். முதல்ல அம்மாட சாட்சியத்தைப் பாருங்க, நீதிபதியைப் பிறகு பார்க்கலாம். வயது போன, வருத்தக்கார சாட்சியை விசாரணை நாள் வரும்வரை காத்திராம முன்கூட்டியே பதியச் சொல்லிக் கேட்கச் சட்டத்தில இடமிருக்கு. டொக்டரின்ட சான்றிதழோட லோயர் மோஷன் (கோட்டுக்கு விண்ணப்பம்) போடணும். பதிஞ்சா அது வழக்கேட்டில நிக்கும். நீதிபதி மாறினாலும், புதுசா வாறவர் அதை வெச்சுத் தொடரலாம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம், 48ஆம் பிரிவு. எதிராளி திரும்பத் தவணை கேட்டா, அதுக்கான செலவுத் தொகைக்குக் கட்டளை கேளுங்க. கையைக் கடிச்சாத்தான் சிலருக்குத் தவணை கேட்கிறது குறையும்.

சாயிற விசயம். அதே சட்டத்தின்ட 46ஆம் பிரிவில, நியாயமான, பக்கச்சார்பற்ற விசாரணை கிடைக்காது எண்டு காட்டினா மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை வேற மன்றுக்கு மாத்தலாம். ஆனா தாமதத்தை மட்டும் காட்டி அது கிடைக்காது, எல்லா வழக்கும்தான் தாமதம். நீதிபதி சொன்ன அந்த வயல் கதை வேற. அது வழக்கேட்டில பதிவாயிருக்கா? அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்துப் பாருங்க. பதிவில்லாட்டி, அண்டைக்கு மன்றில நிண்டவங்க நினைவு மங்க முந்திச் சத்தியக்கடதாசி முடிக்கணும். மேல இருக்கிற நீதிபதிகள் தாளில இருக்கிறதைத்தான் பார்ப்பாங்க.

நடத்தையைப் பற்றி நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அதால தவணைக் கட்டளை மாறாது.

கோவத்துக்குப் பயப்பட வேணாம். மரியாதையா, திறந்த மன்றில, லோயர் மூலமாக் கேளுங்க. கேட்டதும் பதிவாகும்.

அக்கரைப்பற்று ராத்தா:
தங்கச்சி, முதலியார் சொல்றதை நாளைக்கே செய்ங்க. எங்கட வாப்பா சாட்சி சொல்லாமலே மௌத்தாகிட்டார். மறுகா வாரிசு சேர்க்கவே எத்தின தவணை! அந்தக் காணியை எப்ப வாங்கினது, ஆருக்கு ஆர் குடுத்தது எண்டு வாய்திறந்து சொல்ல ஆளில்ல. உறுதி வாய் திறந்து பேசாதுதானே. காசு கஷ்டமெண்டா சட்ட உதவி ஆணைக்குழுட கந்தோருக்குப் போங்க, வருமானம் பார்த்து லோயர் தருவாங்க.

படுவான்கரைப் பிள்ளை:
அண்டைக்கு எங்களோட நிண்ட மச்சான் சத்தியக்கடதாசி குடுக்கச் சம்மதிச்சிட்டார். பிரதிக்கு விண்ணப்பம் போடப் போறன். ஒண்டு மட்டும், முதலியார் ஐயா: அம்மாவுக்குக் கண் மங்கல். உறுதியைப் பார்த்துச் சொல்லச் சொன்னா என்ன செய்யிற?

ஓய்வுபெற்ற முதலியார்:
முதலியார் வாசிச்சுக் காட்டுவார், பிள்ள. நானே எத்தினையோ பேருக்கு வாசிச்சிருக்கன். எல்லையை அவ தன்ட வாயால சொல்லட்டும்: கிழக்கில ஆர்ட வயல், மேற்கில எந்த வாய்க்கால். வீட்ட இருந்து ஒருத்தரும் பாடமாக்கிக் குடுக்க வேணாம்.