வீட்டுக்கு டிரெட்மில்லா, சைக்கிளா? வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அம்மாவுக்கு வயது 64. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், கூடவே சர்க்கரை. சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் தெருவில் நடக்க முடிவதில்லை. அதனால் வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்கினோம். அதற்காகக் கடை கடையாக அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள், தேடுகிறவர்களுக்கு உதவும்.

எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் டிரெட்மில்லைத்தான் காட்டுகிறார்கள். ‘4 எச்பி’ (குதிரைத் திறன்) என்று பெரிதாக ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அது பீக் எச்பி, அதாவது மோட்டார் சிறிது நேரம் மட்டும் தரக்கூடிய உச்ச சக்தி. தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு தரும் என்பதைக் கேட்டு வாங்குங்கள், அது நன்றாகவே குறைவாக இருக்கும். அதைவிட முக்கியம், ஷூவோடு போய் மெதுவாக நடந்து பார்ப்பது. என் தம்பி 95 கிலோ. ஒரு மெஷினில் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தபோது, அவன் குதிகால் பதியும்போதெல்லாம் பெல்ட் ஒரு கணம் திணறி, பிறகு இழுத்தது. பக்கத்து மெஷினிலும் அதே வேகம்தான், ஆனால் பெல்ட் சீராக ஓடியது. கடையில் ஆள் ஏறாமல் ஓட்டிக் காட்டும்போது இந்தக் குறை தெரியாது, நடக்கும்போதுதான் தெரியும்.

அம்மாவுக்குக் கடைசியில் முதுகுச் சாய்வுள்ள சைக்கிள்தான் ஒத்துவந்தது. சாதாரண எக்ஸர்சைஸ் பைக்கில் ஏற முழங்காலை உயரத் தூக்க வேண்டும், சீட்டும் குறுகல். இதில் நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். பிசியோதெரபிஸ்ட் வந்து சீட்டைத் தள்ளி வைத்துக் கொடுத்தார்: பெடல் தூரத்தில் இருக்கும்போது முழங்கால் முழுசாக நீளக்கூடாது, லேசாக மடங்கியிருக்க வேண்டும். புடவையோடு பெடல் சுற்றுவது ஆபத்து என்பதால் அந்த நேரத்துக்கு மட்டும் சுடிதார். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம் என்றார். அம்மா சீரியல் பார்த்தபடி, நடுநடுவே கதையையும் எனக்குச் சொல்லிக்கொண்டே மிதிக்கிறார்.

*

நல்ல பதிவு. நான் மூன்றாவது மாடியில் டிரெட்மில் வைத்திருக்கிறேன். சத்தத்தைவிட அதிர்வுதான் கீழ்வீட்டுக்குத் தொந்தரவு. கனமான ரப்பர் மேட் போட்டு, அறை நடுவிலிருந்து சுவரோரமாக நகர்த்திய பிறகு பெரிய அளவில் குறைந்தது. ஏசிக்குப் போடுகிற மாதிரி தனி பவர் பிளக் வேண்டும், இன்வெர்ட்டர் லைனில் போடவே போடாதீர்கள்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2021இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்த பிறகு ஒரு டிரெட்மில் மாடலையே திரும்பப் பெற்றார்கள். பெல்ட்டின் பின்பக்கம் பிள்ளைகள் கையை வைத்தால் உள்ளே இழுத்துவிடும். மெஷினில் ஒரு சிவப்பு சேஃப்டி கீ இருக்கும், அது இல்லாமல் பெல்ட் ஓடாது. நடந்து முடித்ததும் அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவேன். நடக்கும்போது அதன் கிளிப் என் சட்டையில் இருக்கும்.

*

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன் சார். டிரெட்மில்லில் நடக்க வைத்து இதயத்தைப் பார்க்கும் டிஎம்டி பரிசோதனையின் முதல் கட்டத்தில் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் சரிவு 10 சதவீதம். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டும் கூடும். ஓடாமலேயே, ஏற்றத்தில் நடந்தே இதயத்துக்கு வேலை கொடுக்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது. அதனால் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல், மோட்டாரிலேயே சரிவு கூட்டுகிற மாடலாகப் பார்த்து வாங்கினேன்.

220இலிருந்து வயதைக் கழித்து, நாடித்துடிப்பு அதிகபட்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள் இல்லையா, பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது பொருந்தாது. மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருக்கும். எந்த எண்ணைத் தாண்டக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி, மெஷின் மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

*

எலிப்டிகல் (நின்றபடியே பெடலை மிதித்து, கைப்பிடியையும் முன்னும் பின்னும் தள்ளும் மெஷின்) பார்க்கிறவர்கள் அளவெடுக்கும்போது தரையை மட்டும் அளக்காதீர்கள். பெடல் மேலே வரும்போது ஆளையும் சேர்த்துத் தூக்கும். என் கணவர் ஆறடி, எங்கள் ஹாலில் தலைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன். கடைக்காரர் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த இடத்துக்கு வேண்டாம்மா” என்று அவரே சொன்னார். படுக்கையறையில் ஃபேனிலிருந்து தள்ளி, ஜன்னலோரம் போட்டோம். மூட்டில் இடி விழாமல் கையும் காலும் சேர்ந்து வேலை செய்கிறது, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

*

அக்கா, ஃபேன் விஷயம் நல்ல நேரத்தில் சொன்னீர்கள், தம்பி இப்போது எலிப்டிகல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். பழைய டிரெட்மில் வாங்கலாமா என்று கேட்டு எனக்குத் தனியாக எழுதியவருக்கு: பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிலிகோன் ஆயில் விட்டுப் பராமரித்திருக்கிறார்கள். வறண்டு சொரசொரப்பாக இருந்து, பெல்ட் ஓரமும் நூல் பிரிந்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.