ஈ10 ஷின்கான்சென்: அதே 320 தான்னா அப்புறம் என்னங்க புதுசு?

சக்கரம்சுத்துது:
வணக்கம் மக்களே. ஜப்பான் ரயில் கம்பெனி ஜேஆர் ஈஸ்ட் 2025 மார்ச்ல ஈ10னு புது ஷின்கான்சென் (அதாங்க, புல்லட் ரயில்) டிசைன் வெளியிட்டாங்கல்ல, டோக்கியோலேர்ந்து வடக்க போற தோஹோகு லைன்ல ஓடுற ஈ2, ஈ5க்கு பதிலா 2030 வாக்குல வரப்போகுதாம். ஆசையா படிச்சா டாப் ஸ்பீடு மணிக்கு 320 கிலோமீட்டர்னு போட்டிருக்கு, ஈ5 2013லயே 320ல ஓட ஆரம்பிச்சிருச்சே! நடுவுல ஆல்ஃபா-எக்ஸ்னு டெஸ்ட் ரயில் வேற விட்டு 400 வரைக்கும் ஓட்டிப் பாப்போம், 360ல ஆளுங்கள ஏத்துவோம்னு அவ்ளோ பேச்சு பேசினாங்க. அதெல்லாம் என்னாச்சு? அதே வேகத்துக்கு எதுக்கு புது வண்டி, பெயின்ட் மாத்தினா போதாதா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

தண்டவாளதாசன்:
தம்பி, ஓடுற வேகத்த மட்டும் பாக்குறீங்க, நிக்கிற தூரத்த பாருங்க. 320ல போற ஈ5 அவசர பிரேக் போட்டா நிக்க சுமார் 4 கிலோமீட்டர் ஆகும். ஈ10ல அத 15 சதவீதம் குறைக்கிறாங்க. என்னப்பா வெறும் 15னு தோணும், ஆனா அது 600 மீட்டர், அதுவும் பூகம்பம் வர்ற ஊர்ல. அங்க கடலோரத்துலயும் லைன் ஓரமாவும் நிலநடுக்க கருவி வச்சிருக்காங்க, முதல் அலை தெரிஞ்ச உடனே மேல போற கரன்ட் கட்டாகும், கரன்ட் போனதும் ரயில் தானா பிரேக் போட்டுக்கும். பெரிய ஆட்டம் வந்து சேர்றதுக்குள்ள எவ்ளோ வேகம் குறையுதுங்கறதுதான் அங்க கணக்கே.

அப்புறம் மூக்கு. ஆல்ஃபா-எக்ஸ்ல ஒரு பக்கம் 16 மீட்டர், இன்னொரு பக்கம் 22 மீட்டர் மூக்கு. ஒரு பெட்டியே 25 மீட்டர் சொச்சம்தான், அதுல 22 மூக்குக்கே போனா ஆள எங்க உக்கார வைக்கிறது? ஆனா சும்மா அழகுக்கு நீட்டல. ரயில் சுரங்கத்துல வேகமா நுழையறப்ப சைக்கிள் பம்பு அழுத்துற மாதிரி உள்ள இருக்குற காத்த தள்ளும், அந்த அழுத்தம் அந்தப்பக்க வாசல்ல டமார்னு வெடிக்கும், பக்கத்துல குடியிருக்கறவன் தூக்கம் போச்சு. மூக்கு நீளமா இருந்தா அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், சத்தம் அடங்கும். 500 சீரிஸ்னு பழைய ஷின்கான்சென் ஒண்ணுக்கு மீன்கொத்தி மூக்கு வச்ச கதைய எல்லாரும் சொல்லுவாங்க, அந்த மூக்கால முன்பெட்டில டிரைவர் பக்கம் பயணிகள் கதவே வைக்க முடியாம போச்சுங்கறத யாரும் சொல்ல மாட்டாங்க.

செண்டாய்வாசி:
நான் இங்க தோஹோகு லைன்ல இருக்குற செண்டாய்ல வேலை பாக்குறேன், தாசன் அண்ணன் சொன்ன பூகம்ப மேட்டர் ரொம்ப கரெக்ட். 2022 மார்ச் 16 ராத்திரி பதினொன்னரை மணிக்கு மேல ஃபுகுஷிமா பக்கம் ஒரு ஆட்டம் ஆடுச்சு பாருங்க, வீட்ல ஷெல்ஃப்ல ஒரு டம்ளர் மிஞ்சல. அப்ப ஷிரோயிஷி-ஸாவோ ஸ்டேஷன் கிட்ட வந்த யமாபிகோ ரயில்ல 17 பெட்டில 16 தடம் புரண்டுச்சு. ஆனா ஒண்ணுகூட கவிழல, ரயில்ல இருந்த யாருக்கும் உயிர் போகல. லைன் முழுசா திறக்க ஏப்ரல் 14 ஆச்சு, அதுவரைக்கும் டோக்கியோ போறதுக்குள்ள எங்க பாடு பெரும்பாடு.

2004 நீகாதா பூகம்பத்துல முதல் தடவையா ஓடிட்டிருந்த ஷின்கான்சென் தடம் புரண்டுச்சுல்ல, அதுக்கப்புறம்தான் சக்கரத்துக்கு பக்கத்துல L ஷேப்ல ஒரு கொக்கி மாதிரி வச்சாங்க. சக்கரம் கீழ எறங்கினாலும் அது தண்டவாளத்த புடிச்சிக்கிட்டு பெட்டிய தள்ளிப் போக விடாது. ஈ10லயும் அது இருக்கு, கூடவே பூகம்பத்துல பக்கவாட்டு ஆட்டத்த அடக்க புதுசா ஒரு டேம்பரும் வருது. அதாவது புரண்டப்புறம் புடிக்கிறது ஒண்ணு, புரளாமலே பாத்துக்கறது ஒண்ணு. எனக்கு 360 வேணாம்ங்க, இது போதும்.

ஜன்னல்சீட்டு:
எஞ்சினியர்லாம் பேசி முடிச்சாச்சா, உள்ள என்ன இருக்குன்னு நான் சொல்றேன் 😄 வெளி டிசைன் லண்டன்ல இருக்குற டேன்ஜரின் கம்பெனி, ரெண்டு விதமான பச்சை, பக்கத்துல செர்ரி பூ இதழ் மாதிரி கோடு. உள்ள லேப்டாப் வச்சு வேலை பாக்குறவங்களுக்கான பெட்டில வழக்கமான 3+2 இல்லாம 2+2 சீட்டு, நடு சீட்டுல மாட்டிக்கிட்டு முழங்கை சண்டை போட வேண்டியதில்ல. 5ஆம் பெட்டில சரக்கு ஏத்தறதுக்குன்னே தனி கதவு. இப்பவே வடக்கேர்ந்து மீனெல்லாம் ஷின்கான்சென்ல டோக்கியோவுக்கு போயிட்டிருக்கு, அந்த பிசினஸ இன்னும் பெருசாக்கப் போறாங்க.

சக்கரம்சுத்துது:
அடேங்கப்பா, மீனுக்கு தனிக் கதவா! சரி பிரேக், பூகம்பம் எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா 360 ஏன் விட்டாங்கன்னு யாருமே நேரா சொல்லலியே?

தண்டவாளதாசன்:
அவங்க என்ன கணக்கு போட்டாங்கன்னு எனக்கு எப்படி தெரியும், நான் பாக்குறத சொல்றேன். வீடுங்க இருக்குற இடத்துல 70 டெசிபலுக்கு மேல சத்தம் கூடாதுன்னு 1975லேர்ந்தே அளவு இருக்கு, வேகம் ஏற ஏற காத்து கிழியற சத்தம்தான் பயங்கரமா ஏறும். இன்னொண்ணு, 320ங்கறதே நடுவுல உட்சுனோமியா ஸ்டேஷன்லேர்ந்து மொரியோகா ஸ்டேஷன் வரைக்கும்தான். டோக்கியோவ விட்டு ஓமியா தாண்டற வரைக்கும் 130 தான், மொரியோகாவுக்கு வடக்க 260. அந்த 260ஐ 320 ஆக்கறதுக்கு இப்ப சத்தத் தடுப்பு வேலை நடக்குது. நடுவுல மட்டும் 360ல பறக்காமலே இதுலயும் நேரம் மிச்சமாகும்.

மும்பைமாமா:
நம்ம மும்பை–அகமதாபாத் லைனுக்கும் முதல்ல ஈ5 தான் பேச்சு, இப்ப ஈ10 தர ஜப்பான் ஒத்துக்கிட்டதா 2025 ஜூலைல நம்ம ரயில்வே அமைச்சகமே சொல்லிருச்சு. 508 கிலோமீட்டர், அங்கயும் 320 தான். எனக்கு ஒரே கவலை நம்மூர் தூசியும் மே மாச வெயிலும், பனி கொட்டற ஊருக்கு செஞ்ச வண்டி இது.

சக்கரம்சுத்துது:
மாமா அதுக்கு தனி த்ரெட் போடுங்க, இங்க ஆரம்பிச்சா விடியாது. செண்டாய் அண்ணே, நெஜ வண்டிய எப்ப கண்ணுல பாக்கலாம்?

செண்டாய்வாசி:
2027 இலையுதிர் காலத்துக்கு மேல முதல் வண்டி ரெடியாகி டெஸ்ட் ஓட ஆரம்பிக்கும்னு சொல்லிருக்காங்க. ஆல்ஃபா-எக்ஸ் நிக்கிற ரிஃபு ஷெட்டு என் வீட்லேர்ந்து பக்கம்தான், அங்க வந்துச்சுன்னா போட்டோ புடிச்சு போடுறேன்.