விண்டோஸ் மடிக்கணினியும் உபுண்டு கணினியும்: கமக்கார அமைப்பின் கோப்புகளைப் பகிர்வது எப்படி?

மருதநிலம், கிளிநொச்சி

வணக்கம். ஒரு கமக்கார அமைப்பின் செயலாளராக இருக்கின்றேன். அலுவலகத்துப் பழைய கணினி விண்டோஸைச் சுமக்க முடியாமல் திணறியதால், ஊர்ப் பிள்ளை ஒருவர் அதில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை நிறுவித் தந்தார். பொருளாளரின் மடிக்கணினியில் இருப்பதோ விண்டோஸ் 10. சிறுபோகத்துக்கு யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற பட்டியலை அவர் எக்செலில் தயாரித்துப் பென் டிரைவில் தருகின்றார். பென் டிரைவில் இருக்கும்வரை அது எங்கள் கணினியில் திறக்கின்றது. கணினிக்குள் பிரதி செய்ய முயன்றால் மட்டும் மறுக்கின்றது. மற்றக் கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோப்பின் பெயர்: "இடதுகரை வாய்க்கால் கமக்கார அமைப்பு சிறுபோக நெற்செய்கைப் பங்கீட்டுப் பட்டியல் இறுதித் திருத்தம்".

அத்துடன், பழைய கூட்ட அறிக்கைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரிகின்றன. பென் டிரைவை அலைக்கழிக்காமல் இரண்டு கணினிகளையும் இணைக்க வழி உண்டா என்பதையும் அறிய விரும்புகின்றேன். ரவுட்டர் இருக்கின்றது, இணையத் தொடர்புதான் வருவதும் போவதுமாக உள்ளது.

பாலைநிழல், வவுனியா

கோப்பில் பிழை இல்லை, பெயர்தான் நீளம். விண்டோஸ் ஒரு பெயரில் 255 குறிகள் வரை ஏற்கும். உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையோ (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறை) குறிகளை எண்ணாமல், அவை பிடிக்கும் சேமிப்பு இடத்தின் அலகான பைட்டுகளை எண்ணுகின்றது. அதன் எல்லை 255 பைட். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும், தமிழ் எழுத்துக்கு 3 பைட் வேண்டும். புள்ளி, கொம்பு, கால் ஆகியவற்றுக்கும் தலா 3 பைட். உங்கள் பெயரை எண்ணிப் பார்த்தேன்: தமிழ்க் குறிகள் மட்டும் 85, அதாவது சரியாக 255 பைட். இடைவெளிகள் ஒன்பதும் கோப்பு நீட்சியின் ஐந்தும் சேர 269 ஆகிவிடுகின்றது. "சிறுபோகப் பட்டியல்" என்று சுருக்கி, ஆண்டை இலக்கத்தில் சேர்த்தால் உடனே பிரதியாகும். பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, சாய்கோடு ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். முதல் இரண்டை உபுண்டு ஏற்றாலும் விண்டோஸ் ஏற்காது.

வழிப்போக்கன், மாங்குளம்

கூட்ட அறிக்கைகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். பாமினியில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்திக் காட்டுகின்றது. பொருளாளரின் கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து, உபுண்டுவில் இருமுறை சொடுக்கி நிறுவினால் படிக்கலாம். ஆனால் தேட முடியாது என்பதால், இன்றும் பயன்படும் பதிவேடுகளை எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றின் மூலம் யுனிகோட்டுக்கு (தமிழைத் தமிழ்க் குறிகளாகவே சேமிக்கும் பொது முறை) கொண்டுவருவதே நல்லது.

இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அங்கத்தவர் பதிவேட்டை முழுமையாக மாற்றியபோது, பழைய அடையாள அட்டை இலக்கங்களில் 9 இலக்கங்களுக்குப் பின் வரும் ஆங்கில 'வீ' எழுத்து எல்லா இடத்திலும் 'ஏ' ஆகிவிட்டது. பாமினியில் அந்த விசைக்குரிய தமிழ் எழுத்து அதுவே. ஒரு மாலை முழுவதும் திருத்தினேன். பெயர்களும் முகவரிகளும் உள்ள நிரல்களை மட்டும் மாற்றுங்கள், இலக்கங்கள் உள்ள நிரலைத் தொடாதீர்கள்.

பாலைநிழல், வவுனியா

இணைப்புக்கு உபுண்டுவில் சம்பா என்ற மென்பொருளை நிறுவுங்கள் (பெயரைக் கண்டு நெல்லினம் என்று எண்ணிவிட வேண்டாம்). விண்டோஸ் கணினிகள் கோப்புப் பகிர்வில் பேசும் அதே முறையை அது லினக்ஸுக்குக் கற்பிக்கின்றது. நிறுவும் நாளில் மட்டுமே இணையம் தேவை. அதன்பின் இரண்டு கணினிகளும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும், வெளித்தொடர்பு அறுந்தாலும் பகிர்வு நடக்கும். கடவுச்சொல் கட்டாயம் வையுங்கள். அது இல்லாத பகிர்வைப் புதிய விண்டோஸ் பதிப்புகள் பல மறுத்துவிடும். உபுண்டுக் கணினியின் வலையமைப்பு முகவரி (ஐபி) மாறாதபடி ரவுட்டரில் நிலையாக்கிவிட்டு, விண்டோஸ் கோப்புலாவியின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளும் அந்த முகவரியும் இட்டால் கோப்புறை திறக்கும்.

கமநல சேவை நிலையத்துக்கு அனுப்பும் பிரதியை மட்டும் பிடிஎப் ஆக்குங்கள். ஒரு கணினியில் உள்ள எழுத்துரு மற்றதில் இல்லாவிட்டால் வரிகள் நகர்ந்து, கையொப்பக் கட்டம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

மருதநிலம், கிளிநொச்சி

பெயரைச் சுருக்கியதும் பட்டியல் பிரதியாகிவிட்டது, பாமினியையும் நிறுவிக்கொண்டேன். பதிவேட்டில் 'வீ' மட்டுமன்றி 'எக்ஸ்' என்று முடியும் இலக்கங்களும் சில இருப்பதால், அந்த நிரலை முதலில் தனித்தாளுக்கு மாற்றி வைத்துள்ளேன். சம்பாவை நிறுவ வேண்டியதுதான் பாக்கி. பொருளாளர் ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியுடன் வருகின்றார்.