லொகேஷன் ஆப்புல மோனுக்க பேருக்கு கீழ 'சைன் அவுட்'னு காட்டுது, ஆனா கடைசி எடம் எங்க வீடு! யாராவது சொல்லுங்க

கொளச்சல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுல நாலு பேரு போன்லயும் ஒரு ஃபேமிலி லொகேஷன் ஆப் போட்டு வச்சிருக்கோம். வீட்டுக்காரரு தங்கல் தொழிலுக்கு போறவரு, கடலுக்கு போயி இன்னைக்கு ஒம்பது நாளாச்சு, அவருக்க பேருக்கு கீழ 'நெட்வொர்க் இல்ல அல்லது போன் ஆஃப்'னு கெடக்கும், புள்ளி தேங்காப்பட்டணம் துறைமுகத்துலயே நிக்கும். அது எனக்கு பழகிப்போச்சு.
விஷயம் மோனுக்கு. கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல நின்னு படிக்கான். நேத்து ராத்திரியில இருந்து அவனுக்கு மட்டும் 'சைன் அவுட்'. அதுகூட போட்டும்னு வைங்க, கடைசியா இருந்த எடம்னு காட்டுறது கொளச்சல்ல எங்க வீடு, நேரம் ராத்திரி 8:40!! அவன் ஊருக்கு வந்தே ஒரு மாசம் ஆச்சு. காலைல இருந்து நாலு தடவ விளிச்சேன், ரிங் போவுது எடுக்கல. எங்கிட்ட சொல்லாம ஊருக்கு வந்துட்டு போனானா, வந்தா வீட்டுக்குள்ள வராம எங்க நின்னான், ஒண்ணும் புரியல்ல, ஒரே வெப்ராளமா இருக்கு.

நாரோயில் டீக்கட:
அக்கா தப்பா நெனைக்காதீங்க, இந்த வயசுப் பயலுவ வேணும்னேதான் லாக் அவுட் பண்ணுவானுவ. எனக்க மச்சான் பய வாரத்துக்கு ரெண்டு மட்டம் பண்ணுவான், கேட்டா ஆப்புதான் சரியில்லம்பான்.

கொளச்சல்காரி:
ஐயோ வயித்துல புளிய கரைக்காதீங்க அண்ணே.

தக்கலை மொபைல் சர்வீஸ்:
அண்ணாச்சி சும்மா பயம் காட்டாதீங்க. அக்கா, முதல்ல இந்த ரெண்டு எழுத்தும் வேற வேறன்னு புரிஞ்சுக்கணும். உங்க வீட்டுக்கார அண்ணனுக்கு காட்டுறது, போன்ல இருந்து தகவல் வரல்லன்னு அர்த்தம். ஜிபிஎஸ்க்கு டவரே வேண்டாம், சேட்டிலைட்ட வச்சே நடுக்கடல்லயும் போனுக்கு தன் எடம் தெரியும், ஆனா அத கரைக்கு அனுப்ப நெட் இல்ல, அதான் புள்ளி துறைமுகத்துலயே நிக்குது. சைன் அவுட் அப்பிடி இல்ல. அந்த அக்கவுண்ட் இப்ப எந்த போன்லயும் தொறந்து இல்லன்னு ஆப்புக்கே தெரியும். உங்க பாஷையிலயே சொல்லணும்னா போட்டு கடலுக்கு போயி இன்னும் வரல்ல, அது ஒண்ணு. கடலுக்கு போக வாங்கின டோக்கன திருப்பி குடுத்தாச்சு, அது வேற.
ஒண்ணு மட்டும் மனசுல வைங்க, அது அக்கவுண்ட பத்தின சேதி, ஆள பத்தினது இல்ல. மோன் எங்க இருக்கான், என்ன செய்யான்னு அதுல ஒரு விவரமும் கெடையாது. அவனே வெளிய வந்திருக்கலாம், பாஸ்வேர்ட் மாத்தியிருக்கலாம், ஆப்ப அழிச்சு மறுபடி போட்டிருக்கலாம், போன ரீசெட் பண்ணியிருக்கலாம், இல்ல அதே அக்கவுண்ட வேற யாராவது வேற போன்ல தொறந்துட்டு வெளிய வந்திருக்கலாம்.
கடைசி எடம் உங்க வீடுன்னு காட்டுது பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது. மோனுக்க பழைய போன் ஏதும் வீட்டுல கெடக்கா?

கொளச்சல்காரி:
கெடக்கு! போன கிறிஸ்மஸ்க்கு புதுசு வாங்கினப்ப பழசு அம்மச்சிக்கு குடுத்தோம், யூடியூப்ல ஜெபம் கேக்க. சிம் இல்ல, வீட்டு வைஃபைல ஓடுது.

தக்கலை மொபைல் சர்வீஸ்:
அப்ப முடிஞ்சுது அக்கா. அதுல நேத்து யாரு கைய வச்சான்னு கேளுங்க.

குலசேகரம் ரப்பர்:
நான் லைஃப்360ன்னு ஒரு லொகேஷன் ஆப் வச்சிருக்கேன், அதுல ஒரு அக்கவுண்ட் ஒரு நேரத்துல ஒரு போன்லதான் நிக்கும், இன்னொண்ணுல தொறந்தா முந்தினது வெளிய போயிரும். கூகுள் அக்கவுண்ட் அப்பிடி இல்ல, எத்தன போன்ல வேணும்னாலும் கெடக்கும். எங்களுக்கும் இதே கூத்து, பொஞ்சாதிக்க டேப்ல என் நம்பர போட்டு தொறந்துட்டு, நான் தோட்டத்துல பால் வெட்டிட்டு நிக்கச்சுல வீட்டுல படுத்து கெடக்கேன்னு காட்டிச்சு. நல்ல வேள, தலகீழா நடக்கல்ல.

கொளச்சல்காரி:
எல்லாரும் கேளுங்க, ஆளு கெடச்சாச்சு. சின்ன மோள், எட்டாங் கிளாஸ், மத்தியானம் சோறு திங்க வந்தப்ப பிடிச்சு கேட்டேன். அம்மச்சிய சர்க்கிள்ல, அதான் ஆப்புல உள்ள எங்க குடும்ப குரூப்புல, சேக்கணும்னு நேத்து ராத்திரி அந்த போன்ல ஆப்ப தொறந்திருக்கா, அண்ணனுக்க நம்பரும் பாஸ்வேர்டும் அதுலயே சேவ் ஆகி கெடந்திருக்கு, அமுக்கினதும் உள்ள போயிட்டு. உள்ள பாத்தா அம்மச்சிக்கு பதிலா அண்ணனுக்க படம். பயந்து போயி லாக் அவுட் அமுக்கிட்டு போன தலையணைக்கு கீழ வச்சுட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல பாத்துக்கிடுங்க.

தக்கலை மொபைல் சர்வீஸ்:
சரியா போச்சு. பாப்பா உள்ள போனதும் கோயம்புத்தூர் போன் வெளிய வந்துட்டு, புள்ளி உங்க வீட்டுல விழுந்துட்டு. அவளும் வெளிய வந்ததும் ரெண்டு போன்லயும் இல்ல, அதான் சைன் அவுட். மோன் அவன் போன்ல திரும்ப லாக் இன் பண்ணினா போதும், சர்க்கிள்ல புதுசா சேரவெல்லாம் வேண்டாம். அப்புறம் லொகேஷன் பெர்மிஷன 'எப்போதும்'னு வச்சிருக்கானா பாக்க சொல்லுங்க, 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்'னு இருந்தா ஆப்ப மூடினதும் புள்ளி நின்னுரும். பேட்டரி சேவர்ல இருந்தும் இந்த ஆப்புக்கு விலக்கு குடுத்துரணும்.

கொளச்சல்காரி:
மோன் இப்பதான் திரும்ப விளிச்சான், காலைல பூரா லேப் எக்ஸாமாம், போன பையில போட்டு வெளிய வச்சிருக்கான். நாலு மிஸ்டு கால பாத்துட்டு அப்பாவுக்க போட்டுக்கு என்னமோ ஆச்சுன்னு அவன் பயந்துட்டான். 2017ல ஒக்கி புயல் வந்த பெறகு எங்க வீட்டுல அடுத்தடுத்து போன் வந்தா எல்லாருக்கும் அதுதான் நெனப்பு. லாக் இன் பண்ணிட்டான், புள்ளி கோயம்புத்தூர்ல நிக்குது. ரொம்ப நன்றி தம்பி.

நாரோயில் டீக்கட:
நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிடுதேன் அக்கா. எனக்க மச்சான் பய விஷயத்துல வாங்க மாட்டேன்.

தக்கலை மொபைல் சர்வீஸ்:
பழைய போன்ல சேவ் ஆன பாஸ்வேர்ட அழிச்சுருங்க அக்கா, இல்லன்னா அடுத்த வாரமும் இதே கததான். அம்மச்சிக்கு வேணும்னா தனி அக்கவுண்ட் போடுங்க. ஆனா ஒரு சந்தேகம், அம்மச்சி வெளிய எங்கயும் போறவங்களா?

கொளச்சல்காரி:
எங்க போவ, ஞாயித்துக்கிழம கோயிலுக்கு போவாங்க, அதுவும் எங்கூடதான். போன கட்டிலுலயே வச்சுட்டு வருவாங்க.