பாறையே சாய்ந்துவிட்டால் அது சொல்லும் பழைய வடக்கை எப்படி நம்புவது?

கேள்வி – அகல்விழி

எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் அன்றைய காந்தப் புலத்தின் திசையைப் பிடித்துக்கொள்ளும், கோடிக்கணக்கான வருஷம் கழித்தும் அதை அளக்கலாம் என்பது வரை புரிகிறது. எனக்கு இடிப்பது அதற்கு அப்புறம்தான். பாறை போட்டது போட்டபடி கிடப்பதில்லையே? பிளவில் நழுவும், மடியும், ஒரு பக்கம் சாயும், சில இடங்களில் பெரிய துண்டாகவே திரும்பிவிடும். அப்படியிருக்க, இன்று அது காட்டுவது அன்றைய வடக்கா, இல்லை பாறை புரண்ட திசையா? இதைப் பிரிக்க முடியாவிட்டால் கண்டம் நகர்ந்தது, துருவம் தலைகீழானது என்பதெல்லாம் எதன் மேல் நிற்கிறது? மூன்று நாளாக இதே யோசனை.

பதில் – மணற்கேணி

சரியான இடத்தில்தான் சந்தேகப்படுகிறீர்கள். இது பெரிய தவறில் கொண்டுபோய் விடக்கூடியது. காந்தச் சரிவு, அதாவது காந்தத் திசை கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம், 36 டிகிரி என்றால் பாறை பிறந்தது சுமார் 20 டிகிரி அட்சரேகையில் (சரிவின் டேன்ஜென்ட், அட்சரேகையின் டேன்ஜென்ட்டைப் போல இரண்டு மடங்கு). அதே பாறை அந்தத் திசையிலேயே இன்னும் 20 டிகிரி சாய்ந்திருந்து, அதை நாம் கவனிக்காமல் 56 என்று படித்தால் அட்சரேகை 36-க்கு மேல் போய்விடும். தரையில் அது 1,800 கிலோமீட்டர் பிழை.

படிவுப் பாறையும் லாவா அடுக்கும் முதலில் ஏறக்குறைய கிடைமட்டமாகத்தான் படிகின்றன. இன்று அடுக்கு எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று களத்திலேயே அளந்துகொண்டு, கணக்கில் அதைத் திரும்பப் படுக்க வைப்பார்கள். அப்புறம் மடிப்புச் சோதனை என்று ஒன்று உண்டு, ஜான் கிரஹாம் 1949-இல் முன்வைத்தது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மடிப்பின் இரண்டு பக்கச் சரிவுகளிலிருந்தும் மாதிரி எடுங்கள். உள்ளபடி அளந்தால் திசைகள் சிதறிக் கிடக்கின்றன, அடுக்கைக் கணக்கில் படுக்க வைத்த பிறகு எல்லாம் ஒரே திசையில் கூடுகின்றன என்றால், அந்தக் காந்தம் பாறை மடிவதற்கு முன்னாலேயே ஏறியது. படுக்க வைத்தால்தான் சிதறுகிறது என்றால் மடிந்த பிறகு ஏறியது, அதைப் பாறையின் பிறப்போடு சேர்க்கக் கூடாது.

பதில் – கருங்கல்

மேலே சொன்னதில் 'களத்திலேயே அளந்துகொண்டு' என்ற இடத்தை அடிக்கோடு போடுங்கள். முதுகலை ஆய்வுக்காக நான் துளைத்தெடுத்த மாதிரிகளில் ஒரு முழு நாள் வேலை இதில்தான் போனது. 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைகள், ஒவ்வொன்றிலும் திசைக்கோடு போட்டிருந்தேன், ஆனால் அடுக்கின் சாய்வைக் குறிக்கவில்லை, மறுநாள் வரலாம் என்று விட்டேன், மழையில் அந்த மலைச்சரிவே மூடிவிட்டது. ஆய்வகத்தில் எவ்வளவு நுட்பமான காந்தமானி இருந்தும் அந்த உருளைகளை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றும் மனசு ஆறவில்லை.

பசால்ட் என்ற கரும் எரிமலைப் பாறையில் வேலை செய்தால் சாதாரண திசைகாட்டியையும் முழுசாக நம்பாதீர்கள், பாறையே முள்ளை இழுக்கும். சூரியனின் நிழலை வைத்துத் திசை பார்க்கும் கருவியும் கையில் இருக்கட்டும். மின்னல் விழுந்த பாறை முகடுகளைத் தவிர்த்துவிடுங்கள், பழைய காந்தத்தின் மேல் மின்னல் புதிதாக ஒன்றை ஏற்றிவிடும்.

பதில் – தொல்வடக்கு

பிளவு பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் வரவில்லை. ஒரு துண்டு செங்குத்து அச்சில், அதாவது மேசை மேல் தட்டைச் சுற்றுவது போலத் திரும்பினால் அடுக்கு சாயாது, அதனால் அடுக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அப்படித் திரும்பும்போது காந்தச் சரிவும் மாறாது, கிழக்கு மேற்காக விலகும் கோணம் மட்டும்தான் மாறும். ஆக அட்சரேகை பத்திரம். அந்த வயதில் அங்கே வடக்கு எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அசையாத பகுதிகளின் பாறைகளிலிருந்து தெரியும், அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் துண்டு திரும்பிய அளவு. கலிஃபோர்னியாவில் டிரான்ஸ்வர்ஸ் மலைத்தொடரின் மேற்குப் பகுதி கடந்த 2 கோடி வருஷத்துக்குள் கடிகாரச் சுற்றில் சுமார் 90 டிகிரி திரும்பியது தெரிந்ததே இப்படித்தான். உங்களுக்குத் தொல்லையாகத் தெரிகிற புரளல், பிளவை ஆராய்பவருக்கு நேரடி அளவீடு.

துருவம் தலைகீழானதற்கு வேறு வகையான ஆதாரம் இருக்கிறது. பெர்னார் புரூன் 1906-இல் பிரான்சில் பார்த்தது லாவாவை மட்டுமல்ல, அந்த லாவா சுட்ட களிமண்ணையும். இரண்டும் வேறு வேறு பொருள், இரண்டும் இன்றைய புலத்துக்கு எதிராகவே காட்டின. மொடோனோரி மட்டுயாமா 1929-இல் ஜப்பானிலும் சுற்றுவட்டாரத்திலும் எதிர்த் திசைப் பாறைகள் எல்லாம் பழையவை என்று காட்டினார். கடைசித் தலைகீழ் மாற்றம் சுமார் 7,80,000 வருஷத்துக்கு முன்பு, அதை உலகம் முழுக்க அதே வயதுப் பாறைகளில் காணலாம். எல்லா இடத்திலும் பாறை ஒரே சமயத்தில் குப்புற விழ வாய்ப்பில்லை.

அகல்விழி

மூவருக்கும் நன்றி, மடிப்புச் சோதனையைப் படம் வரைந்து பார்த்தேன், இப்போது தெளிவாகிறது. இன்னும் ஒன்று: துண்டு திரும்பவே இல்லை, பிளவை ஒட்டி நேராக நழுவியது மட்டும் என்றால்?

தொல்வடக்கு

கிழக்கு மேற்காக நழுவினால் காந்தம் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் தீர்க்கரேகை அதில் பதிவாவதே இல்லை. வடக்கே நழுவினாலும் 300 கிலோமீட்டர் என்பது 3 டிகிரிக்கும் குறைவு, அளவீட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். அங்கே பாறையைப் பாறையோடு பொருத்திப் பார்ப்பதுதான் வழி. கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் ஒரு பக்கம் பின்னக்கிள்ஸ் எரிமலைப் பாறை, மறுபக்கம் தெற்கே 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நீனாக் எரிமலைப் பாறை, இரண்டும் சுமார் 2.3 கோடி வருஷத்துக்கு முந்திய ஒரே எரிமலையின் பாதிகள். அடுக்கு வரிசையும் வேதிக் கலவையும் அவ்வளவு பொருந்துகின்றன.