புதுப்பிப்பு: அப்பாவின் நல்ல கொழுப்பு, மூன்று மாதம் கழித்து

கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்கு எச்.டி.எல்., அதாவது நல்ல கொழுப்பு, 34 என்று வந்தபோது, சாப்பாட்டில் என்ன மாற்றலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். இப்போது 38. ஆண்களுக்கு 40-க்குக் கீழே என்றால் இன்னும் குறைவுதான்.

முதலில் நிறுத்தியது சாயங்கால டீயோடு தின்னும் வர்க்கியை, நம்ம நீலகிரியின் மொறுமொறு பிஸ்கட்டை. பிட்டதும் விரலில் பிசுபிசுவென ஒட்டுமே, அந்த வனஸ்பதிதான் காரணம். அதில் இருக்கக்கூடிய டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொழுப்பை ஏற்றி, நல்லதை இறக்கிவிடும். இந்தியாவில் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத வரம்பு இருக்கிறது, சரி. ஆனால் அப்பா தினம் நாலு தின்பவர்! இப்போது ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. வாரம் இருமுறை மத்திக் குழம்பு. அப்புறம், தேயிலைத் தோட்ட மேட்டில் அரை மணி நடை, பீடியும் போயிற்று.

டாக்டருக்குப் பெரிய சந்தோஷம், கெட்ட கொழுப்பு 152-லிருந்து 121-க்கு இறங்கியதில்.