தலைவர்கள் உதிர்த்த முத்து நம்ம தலையில விழுந்த கதை

டிவியில யாராவது ஒளறுனா ஒரு மீம் போட்டு சிரிச்சிட்டு அவங்கவங்க வேலைய பாக்க போயிருவோம். ஆனா அந்த ஒளறலு நேரா நம்ம கடை வாசல்ல வந்து நின்னா? எனக்கு நின்னுச்சு. எழுதுறேன், உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருந்தா கீழ போடுங்க. கட்சி பாக்க வேணாம், எல்லா பக்கமும் சரக்கு இருக்கு.

எங்களுக்கு தேனி பக்கம் சின்னதா ஒரு ஸ்டேஷனரி கடை. தெர்மாகோல்ங்கறது பரண் மேல தூசி புடிச்சு கெடக்குற சரக்கு, ஸ்கூல்ல ப்ராஜெக்ட் கேட்டாத்தான் கீழ இறங்கும். 2017 ஏப்ரல் 21ம் தேதி அமைச்சர் செல்லூர் ராஜு வைகை டேமுக்கு போயி, தண்ணி ஆவியாகாம இருக்கணும்னு தெர்மாகோல் அட்டைய டேப் போட்டு ஒட்டி மிதக்க விட்டாரு பாருங்க, அன்னைக்கு சாயங்காலமே மொத ஆளு வந்துட்டான். "மாமா, ஒரு அட்ட குடுங்க, வீட்டு தொட்டியில தண்ணி கொறையுது". எங்கப்பாவுக்கு விஷயமே தெரியாது, பாவம், "என்ன சைஸ்ப்பா"ன்னு கேட்டு ஸ்கேல கையில எடுத்துட்டாரு. கடையில நின்ன அத்தன பேரும் கொல்லுன்னு சிரிக்க, அப்புறம் யாரோ போன்ல வீடியோவ காட்டுனாங்க. அமைச்சர் கரையேறி முடிக்கிறதுக்குள்ள அட்டையும் கரையேறிருச்சு! அப்பா சிரிக்கல, ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: "ஒரு தடவ டிவிஎஸ் 50ல தெர்மாகோல் கட்டிட்டு போனவன கேட்டிருந்தா கூட சொல்லியிருப்பானேடா". உண்மைதான், அரை இன்ச் அட்டைய பின்னாடி கட்டிட்டு ஆண்டிபட்டி கணவாய் காத்துல வண்டி ஓட்டி பாருங்க, வண்டி ஒரு பக்கம் போகும் நாம ஒரு பக்கம் போவோம்.

இதுல ஒரு நியாயத்தையும் சொல்லிரணும். தண்ணிய மூடி வைக்கிற ஐடியா ஒண்ணும் கிறுக்குத்தனம் இல்ல. 2015ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு நீர்த்தேக்கத்துல 9.6 கோடி கருப்பு பிளாஸ்டிக் பந்த கொட்டுனாங்க, அது முக்கியமா வெயில்பட்டு தண்ணி கெடாம இருக்க, கூடவே ஆவியாகுறதும் கொறஞ்சது. ஆனா அந்த பந்துக்குள்ள காத்து தூக்காம இருக்கவே கொஞ்சம் தண்ணி ஊத்தி கனமாக்கி வச்சிருந்தாங்க, சூட்சுமமே அதுலதான் இருக்கு, இங்க அத மட்டும் விட்டுட்டாங்க. எனக்கு இன்னும் உறுத்துறது வேற. அது தமிழ்நாடே வறட்சின்னு அறிவிச்ச வருஷம், 71 அடி டேமு அடியில கெடந்துச்சு, எங்க தெருவுல குடத்த வரிசையா வச்சிட்டு நின்னோம், அந்த வரிசையில நின்னுக்கிட்டேதான் தெர்மாகோல் மீம பாத்து சிரிச்சோம். தண்ணி எப்ப வரும்னு யாரும் கேட்ட மாதிரி ஞாபகம் இல்ல.

—

எங்கூரு கோயமுத்தூருங்க. அதே வருஷம் செப்டம்பர்ல நொய்யல் ஆத்துல நொர பொங்கிட்டு வந்துச்சு, பாலத்துல வண்டி ஓட்டிட்டு போனா சட்டையில வந்து அப்பும், நாத்தம் வேற கொடலப் பொரட்டும். சுற்றுச்சூழல் அமைச்சர் கருப்பணன் என்ன சொன்னாருன்னா, ஜனங்க சோப்பு போட்டு குளிக்கிறாங்க, அதனால நொரயாம். எங்கம்மா நியூஸ பாத்துட்டு பாத்ரூம்ல இருந்த சோப்ப எடுத்துட்டு வந்து என்ற கையில வெச்சாங்க, "ஏங்கண்ணு, இது மாசம் பூரா வருது, பாதி ஆத்துக்கு நொர நானே உட்டுட்டனாட்ட இருக்குது". சாயப்பட்டற தண்ணியால இதே நொய்யல்ல இருக்குற ஒரத்துப்பாளையம் டேம் பாழாப்போனத பாத்த ஊருங்க இது, 2011ல ஹைகோர்ட்டே திருப்பூர் சாயப்பட்டறைகள மூட சொல்லுச்சு. அதெல்லாம் கண்ணுக்கு தெரியல, எங்கம்மா சோப்பு தெரிஞ்சிருக்கு.

—

நான் தமிழ் வாத்தியார், ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். எடப்பாடி பழனிசாமி முதல்வரா இருந்தப்ப மேடையில கம்பராமாயணத்த எழுதுனது சேக்கிழார்னு சொல்லிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு டெஸ்ட் வச்சா ஒரு வாண்டு வேணும்னே சேக்கிழார்னு எழுதி வச்சிருக்கான், தப்பு போட்டதுக்கு "சார், சிஎம்மே சொன்னாரு சார்"ங்கறான். கம்பராமாயணம்ங்கற பேர்லயே கம்பர் இருக்காருடான்னு சொல்லி பெரியபுராணத்துல ஆரம்பிச்சு ஒரு பீரியடே போச்சு. அப்ப எதிர்க்கட்சியா இருந்தவங்க பக்கம் மட்டும் என்ன வாழ்ந்துச்சாம், ஸ்டாலின் வாய் தவறி "பூனை மேல் மதில்"னு சொன்னது பரவுனதும் இன்னொருத்தன் நோட்டுல பூனை முதுகுல செங்கல் சுவர் கட்டி படமே வரைஞ்சுட்டான். படம் நல்லா இருந்துச்சு, அதுக்கு மட்டும் குட் போட்டேன். வாய் தவறுறது யாருக்கும் நடக்கும், கிளாஸ்ல எனக்கே நடக்கும், அதுக்காக சிரிக்காம இருக்க முடியுமா?

—

நான் 2019ல ஒரகடம் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனில கான்ட்ராக்ட்ல இருந்தேன். வண்டி விக்கலன்னு ஷிஃப்ட்ட கொறச்சு, அப்புறம் எங்க பேட்ச்சையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அனுப்பி பத்து நாள் இருக்கும், செப்டம்பர் 10, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையிலயே வந்து சொல்றாங்க, இளைஞருங்க கார் வாங்காம ஓலா ஊபர்ல போறதும் ஒரு காரணம்னு. ரூம்ல நாலு பேரு இருந்தோம், எல்லாருக்கும் இருபத்தஞ்சுக்குள்ள வயசு, ஒருத்தன் கூட அதுவரைக்கும் ஓலால ஏறுனதில்ல, ஷேர் ஆட்டோதான். "மச்சான், நம்ம வேலைய நாமளே காலி பண்ணிட்டோமாம்டா"ன்னு ஒருத்தன் சொன்னான். டிசம்பர்ல வெங்காயம் கிலோ நூறு ரூபாய தாண்டுனப்ப நான் வெங்காயம் பூண்டு அதிகம் சாப்பிட மாட்டேன்னு லோக்சபாவுல சொன்னதும் அவங்கதான், அப்ப நான் ஊர்ல அம்மா சமையலுக்கு வெங்காயம் இல்லாத சட்னிய பழகிட்டு இருந்தேன்.

—

அதே 2019 செப்டம்பர்லதான் மத்திய அமைச்சர் பியூஷ் கோயல், புவியீர்ப்ப கண்டுபிடிக்க ஐன்ஸ்டீனுக்கு கணக்கு உதவலன்னு சொன்னாரு. நான் பிசிக்ஸ் ட்யூஷன் எடுக்கிறவன், என் நெலமய நெனச்சு பாருங்க. நியூட்டன் ஆவி ஒரு பக்கம், ஐன்ஸ்டீனே கணக்கு தடுமாறி கிராஸ்மேன்ங்கற நண்பர்கிட்ட போயி உதவி கேட்டவரு, அவரு ஆவி ஒரு பக்கம். பசங்க ஒரே குரல்ல "அப்ப சம் வேணாம் சார், தியரி மட்டும் போதும்".

—

மொதல்ல எழுதுனவன்தான், எல்லாத்தயும் அப்பாவுக்கு படிச்சு காட்டுனேன், சோப்பு கதைக்குத்தான் ரொம்ப நேரம் சிரிச்சாரு. போன வாரம் ஒரு பையன் கடைக்கு வந்து ஸ்கூலுக்கு வைகை டேம் மாடல் செய்யணும், தெர்மாகோல் ரெண்டு அட்ட வேணும்னான். அப்பா பரண்ல ஏறி அட்டைய எடுத்து குடுத்துட்டு அவன் கேக்காமலே ஒரு ஃபெவிகாலும் சேத்து வச்சாரு, "நல்லா ஒட்டு தம்பி, காத்துல போயிரும்".